எட்டன்று எரிந்த கராஜ் அடுப்பு

1

பெரியத்தான், நீங்கள் சொன்னது பொய்.

"நாங்கள் வெளிக்கிட்டுக் காரில ஏறியாச்சு. அவதான் போன் எடுத்து, பனி கொட்டுது, வரவேண்டாம் எண்டவ" என்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதினீர்கள். யாழ்ப்பாணம், கனடா, லண்டன், டென்மார்க் என்று எல்லா இடத்துச் சொந்தமும் அதை வாசித்தது. நான் உங்களுக்கு அப்படிச் சொல்லவில்லை. நீங்கள் காரில் ஏறியது மட்டும் உண்மை. அந்தக் கார் என் வீட்டுப் பக்கம் வரவில்லை.

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு ஆளை அறிமுகம் செய்கிறேன். நான் பெரியத்தான் என்று கூப்பிடும் பரமலிங்கம், என் கணவர் குலத்தின் தமையன். சில்க்போர்க்கில் இருக்கிறார். இந்தப் பகுதித் தமிழர் சங்கம் ஒன்றுக்குத் தலைவர். நான் மலர். ஹோர்சன்ஸுக்கு வெளியே, இருபது வீடு கூட இல்லாத ஒரு சின்ன இடத்தில் இருக்கிறேன். முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை. எழுதிப் பழக்கமில்லை. கோபம் வந்ததால் எழுதுகிறேன்.

போன தை மாதம் குலம் செத்துப்போனார். குளிக்கப் போன மனிதர் வெளியே வரவில்லை. அவருடைய எட்டன்றுதான் அந்தப் பனிப்புயல் அடித்தது. அடுத்த மாதம் ஆண்டுத்திவசம்.

இன்று வெளியே மறுபடியும் புயல். விடிய இல்லத்தில் இருந்து போன் வந்தது. "மலர், வராதே, பக்கத்தில் இருப்பவர்கள் பார்த்துக்கொள்வோம்" என்றார்கள். தேநீர் போட்டுக்கொண்டு ஜன்னலடியில் உட்கார்ந்தேன். நன்றாக இருந்தது. அப்போது போனில் ஓர் அழைப்பிதழ் வந்து விழுந்தது. 'அமரர் குலசிங்கம் அவர்களின் ஆண்டுத்திவசம், தமையனார் பரமலிங்கம் அவர்களின் தலைமையில்.' சில்க்போர்க்கில் மண்டபம். மேலே பெரியத்தானின் பெயர், அதைவிடப் பெரிய எழுத்தில் அவருடைய பதவி. என் பெயர் எங்கே என்று தேடினேன். அடியில் 'மனைவி, மகள்' என்று இருந்தது. பெயர் இல்லை.

என் புருஷனின் திவசத்துக்கு எனக்கே அழைப்பிதழ். ஒரு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனி மாட்டேன்.

2

எட்டு என்றால் என்ன என்று ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தெரியாது. எட்டாம் நாள், செத்தவருக்கு விருப்பமான சாப்பாடெல்லாம் சமைத்துப் படைப்பது. மச்சம் சாப்பிட்டவருக்கு மீனும் இறைச்சியும், குடித்தவருக்குக் குடி. படைத்ததில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டுபோய்ச் சந்தியில் கழித்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். எங்கள் பக்கத்தில் அதை ஆம்பிளைகள்தான் செய்வார்கள். உரித்தாளி செய்வார். தம்பிக்குத் தமையன்.

இந்த நாட்டில் எரிக்க நாள் கிடைக்கவே ஒரு கிழமை ஆகும். அதற்கு முன் கடதாசி வேலை. சைவக்காரன் செத்தாலும் தேவாலய அலுவலகத்துக்குத்தான் விண்ணப்பம் போக வேண்டும். நான் அங்கே போய் என் டெனிஷில், "என் மனிதர் முடிந்துவிட்டார்" என்றேன். நாங்கள் அப்படித்தானே சொல்வோம். அங்கே இருந்த பெண், "எதை முடித்துவிட்டார்?" என்று மரியாதையாகக் கேட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு எழும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, முழுப் படிவத்தையும் தானே நிரப்பினாள். அவளுடைய பெயர்கூட எனக்குத் தெரியாது.

பெரியத்தான் எரித்த அன்று வந்தார். மண்டபத்தில் இருபது நிமிடம் பேசினார். அதில் குலத்தைப் பற்றி ஐந்து நிமிடம் இருக்கும். பிறகு விரல் விட்டு எண்ணி, தானே எட்டுக்கு நாள் சொன்னார்.

"இண்டையில இருந்து எட்டு எண்டால் வாற சனி. எல்லாருக்கும் லீவு. மலர், நீ சமையலைப் பார். சந்தியில கழிக்க நான் வாறன். வேற ஒருத்தரும் வேண்டாம். என்ர தம்பி."

"ஓம் பெரியத்தான்" என்றேன். அந்தச் சொல்லை நம்பி நாற்பது பேருக்குச் சமைத்தேன்.

சமைத்தது கராஜில். இங்கே பல தமிழ் வீடுகளில் கார் வெளியே நிற்கும், கராஜுக்குள் காஸ் அடுப்பு நிற்கும். மீன் பொரித்தால், கறித்தூள் வறுத்தால் வீட்டுக்குள் மணம் நிற்கக்கூடாது. பக்கத்து வெள்ளைக்காரர் முகம் சுளிக்கக்கூடாது. வந்த புதிதில் அடுத்த வீட்டு கிர்ஸ்டன் ஒருநாள் எங்கள் வாசலில் வந்து நின்று, உங்கள் சமையல் மணம் என் காயப்போட்ட உடுப்பில் பிடிக்கிறது என்று சொன்னாள். குலத்துக்கு வெட்கமாகப் போய்விட்டது. அடுத்த கிழமையே கராஜில் மேசை அடித்து, காஸ் அடுப்புப் பூட்டினார். சுவரில் ஒரு காற்றாடியும் வைத்தார், மணம் வயல் பக்கம் போகட்டும் என்று.

இதற்கும் பெரியத்தானிடம் கதை இருந்தது. "டென்மார்க் வந்தும் கொட்டிலுக்க சமைக்கிறியளே, வெக்கமில்லையோ" என்பார். சாப்பிடும்போது சொல்லமாட்டார். கை கழுவிய பிறகு சொல்வார்.

அன்று விடிய ஐந்து மணிக்கு அடுப்பைப் பற்றவைத்தேன். நண்டுக்கறி, பொரித்த மீன், கணவாய், கத்தரிக்காய்ப் பால்கறி, புட்டு. பயற்றம் பணியாரம் முதல் நாளே சுட்டுவிட்டேன். இரண்டு போத்தல் பியர். கடைசியாக அவருடைய லாக்ரிஸ். உப்புப் போட்ட கறுப்பு மிட்டாய் அது. வாயில் வைத்தால் நவச்சாரம் மாதிரி இருக்கும். எங்கள் ஆட்கள் துப்பிவிடுவார்கள். குலத்துக்கு அதில் பைத்தியம். முன்பெல்லாம் வேலைச் சட்டை தோய்க்கும்போது பையில் நாலு கரைந்து கிடக்கும். சீனி வியாதி வந்த பிறகு நிறுத்தச் சொல்லிவிட்டேன். அதையும் ஒரு கிண்ணத்தில் போட்டேன்.

3

ஒன்பது மணிக்கு மகள் அபி கொப்பன்ஹேகனில் இருந்து போன் எடுத்தாள். "அம்மா, ஸ்டேஷனில நிக்கிறன். ரெயின் லேட். ஆனா வருவன்."

எங்கள் பக்கமான யூலண்டில் கடும் பனி வரும், தேவையில்லாமல் வெளியே வராதீர்கள் என்று வானொலியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ரெயில் நடுவழியில் நின்று பிள்ளை குளிருக்குள் கிடப்பாள் என்று பயம் பிடித்தது. இரண்டு கிழமைக்கு முன்தான் ஒருவரைப் பறிகொடுத்திருக்கிறேன். பயத்தை ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை. எரிந்து விழுந்தேன்.

"நீ வரவேண்டாம். இஞ்ச ஆக்கள் நிறைய வருவினம். பெரியப்பா வாறார். நீ வந்து என்ன செய்யப்போறாய்?"

அவள் "சரி" என்று டெனிஷில் சொல்லிவிட்டு வைத்தாள்.

நான் சொன்ன அந்தக் கடைசி வசனத்தை நினைத்தால் இப்போதும் என் வாயில் அடிக்க வேண்டும் போல இருக்கிறது. 'வரவேண்டாம்' என்று அன்று நான் ஒருவருக்குத்தான் சொன்னேன். என் சொந்தப் பிள்ளைக்கு.

பன்னிரண்டு மணிக்குப் பனி தொடங்கியது. ஒரு மணிக்கு அது கீழே விழவில்லை, பக்கவாட்டில் ஓடியது. வேலி மறைந்தது. கிர்ஸ்டனின் வீடு மறைந்தது. இரண்டு மணிக்குப் பெரியத்தானுக்குப் போன் எடுத்தேன். அடித்தது, எடுக்கவில்லை. மூன்று தரம் எடுத்தேன். மற்ற வீடுகளில் இருந்து ஒன்றிரண்டு பேர் செய்தி அனுப்பினார்கள், வீதி சரியில்லை, மன்னிக்கவும் என்று. அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. சொன்னார்கள்.

பெரியத்தானைப் பற்றிக் குலம் எத்தனையோ தரம் சொன்ன கதை ஒன்று உண்டு. ஊரில் ஊரடங்கு நேரம். அவர்களுடைய மாமன் ஒருவர் செத்துவிட்டார். ரோட்டில் தலை காட்டினால் சூடு. பெரியத்தான் பின்வளவுகளால் வந்தாராம். வேலிப் பொட்டுக்குள்ளால், அந்தச் சின்ன ஓட்டைக்குள்ளால், ஊர்ந்து ஊர்ந்து, ஏழு வேலி தாண்டி, முதுகெல்லாம் கம்பி கிழித்து, செத்தவீட்டுக்கு வந்து நின்றாராம். "அண்ணை அப்பிடிப்பட்ட ஆள்" என்பார் குலம். அந்த மதியம் நான் கராஜ் வாசலில் நின்று அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஏழு வேலி தாண்டிய ஆள் எப்படியும் வருவார் என்று.

இரண்டரைக்குக் கரண்ட் போனது. இந்த நாட்டில் அது அபூர்வம். பிரிட்ஜின் இரைச்சல் நின்றது. காற்றாடி நின்றது. வீட்டுக்குள் எத்தனை சாமான் முனகிக்கொண்டிருந்திருக்கிறது என்பதே அது நின்ற பிறகுதான் தெரிந்தது. கராஜ் கதவை ஒரு சாண் திறந்துவிட்டு, அடுப்பை மெல்ல எரியவிட்டு, குலத்தின் வேலை ஸ்டூலில் உட்கார்ந்தேன். நீல நெருப்பு. கதவிடுக்கில் வெள்ளை ஓடிக்கொண்டிருக்கிறது. வேறு ஒன்றுமில்லை.

அவர் செத்த நாளில் இருந்து என்னைச் சுற்றி ஆட்கள். பொட்டை எடு, அந்தச் சேலையை உடுக்காதே, அழு, அழாதே, சாப்பிடு. போன் ஓயவே இல்லை. அன்றைக்குத்தான் ஒருவரும் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. மூச்சு நெஞ்சின் அடிவரை போய் வந்தது. குலம் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. நீங்கள் வராதது நல்லது என்று ஒரு கணம் நினைத்தேன், பெரியத்தான். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

4

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது யோர்ன் வந்து கதவைத் தட்டினார். கிர்ஸ்டனின் புருஷன். முன்பு பன்றி வளர்த்தவர், இப்போது எழுபது தாண்டிவிட்டது. தோளில் ஒரு காஸ் சிலிண்டர்.

"புயல் எச்சரிக்கை கேட்டேன். உன் கராஜ் இன்று திறந்திருக்கிறதா?"

"கரண்ட் இருக்கிறது யோர்ன். உங்கள் அடுப்பு வேலை செய்யும்."

"அது வேலை செய்யும். ஆனால் அதில் கிர்ஸ்டன்தானே சமைக்கிறாள்" என்றார். சிலிண்டரை வைத்துவிட்டுப் போனார். இப்போது ஒவ்வொரு புயலுக்கும் இதே பகிடி.

அன்றும் முதலில் வந்தது அவர்தான். மூன்று மணி இருக்கும். முன்வாசலில் பனி இடுப்பளவு. அவர் எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவில் இருக்கும் செடிவேலியைக் கையால் பிளந்து, அந்தப் பொட்டுக்குள்ளால் வந்தார். தொப்பி வேலியில் மாட்டிக்கொண்டது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். வேலிப் பொட்டால் வரவேண்டியவர் வேறு ஆள்.

"மலர், உனக்கு ஒன்றுமில்லையே? உன் கராஜில் இருந்து சமையல் மணம் வந்தது." பிறகு மூக்கை உறிஞ்சினார். "உன்னிடம் நெருப்பு இருக்கிறதா?"

அந்தத் தெருவில் எல்லார் வீட்டிலும் கரண்ட் அடுப்பு. ஒருவருக்கும் ஒரு கோப்பை வெந்நீருக்கு வழியில்லை. வெட்கப்பட்டு ஒளித்துவைத்த என் அடுப்பு ஒன்றுதான் எரிந்துகொண்டிருந்தது. அரை மணிக்குள் ஒன்பது பேர் வந்துவிட்டார்கள். கிழவர்கள், கைக்குழந்தையோடு ஒரு சோடி, மூலைவீட்டுப் பல்வைத்தியர். முப்பது வருடமாக 'ஹாய்' என்று மட்டும் சொன்னவர்கள். ஆளுக்கொரு மெழுகுதிரி கொண்டு வந்தார்கள். இந்தச் சனம் மெழுகுதிரி இல்லாமல் ஓர் இடத்துக்கும் போகாது.

இன்று என் கணவருக்குச் சாப்பாடு வைக்கும் நாள் என்று சொன்னேன். முதலில் அவர் சாப்பிட வேண்டும், பிறகுதான் நாங்கள். யாரும் சிரிக்கவில்லை. "எவ்வளவு நேரம் எடுப்பார்?" என்று பல்வைத்தியர் கேட்டார். பகிடிக்கு இல்லை, உண்மையாகத்தான் கேட்டார். படத்துக்கு முன் வாழையிலை இல்லாமல் தட்டில் படைத்து, அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். ஒன்பது பேரும் கராஜுக்குள், மேலங்கியோடு, கையைக் கோர்த்துக்கொண்டு, சாத்திய கதவைப் பார்த்தபடி பேசாமல் நின்றார்கள். குழந்தைகூடச் சத்தம் போடவில்லை. எங்கள் ஆட்கள் நின்றிருந்தால் அந்த நேரத்தில் காணி விலை கதைத்திருப்பார்கள்.

பிறகு சாப்பிட்டார்கள். மூக்கு ஓட ஓட நண்டு சாப்பிட்டார்கள். கதவைத் திறந்தபோது கிர்ஸ்டன் படையலைப் பார்த்தாள். மீனுக்கும் பணியாரத்துக்கும் நடுவில் கறுப்பாக ஒரு கிண்ணம்.

"அது லாக்ரிஸா?"

"ஓம். அவருக்கு விருப்பம்."

கிர்ஸ்டன் வாயைப் பொத்தினாள். "மலர், அவர் எங்கள் வீட்டுக் கூரைத் தண்ணீர்க் குழாயைத் துப்புரவாக்க வரும்போதெல்லாம் ஒரு பை லாக்ரிஸ் கொடுப்பேன். மலருக்குச் சொல்லாதே, எனக்குச் சீனி வியாதி இருக்கிறது என்பார்!"

நிறுத்திவிட்டேன் என்று சொல்லிவிட்டு வருடக்கணக்காகக் கள்ளமாய்த் தின்றிருக்கிறார் மனிதர். அடுத்த வீட்டில் போய். சிரித்தேன். அழுதுகொண்டே சிரித்தேன். வயிறு நோகச் சிரித்தேன். அந்த நேரத்தில் கிர்ஸ்டன் எடுத்த படம்தான் பிறகு நம் குடும்பக் குழுவில் வந்தது. மெழுகுதிரி, பியர் போத்தல், நண்டு, வெள்ளைக்காரர், வாய் திறந்து சிரிக்கும் நான்.

அதே கிர்ஸ்டன்தான் ஒரு காலத்தில் உடுப்பில் மணக்கிறது என்றவள். போகும்போது என் கையைப் பிடித்து, "அன்று நான் உன் வாசலில் வந்து நின்றது உனக்கு நினைவிருக்கும். எனக்கும் மறக்கவில்லை" என்று மட்டும் சொன்னாள். அவ்வளவு போதும். மன்னிப்புக் கேட்பது எப்படி என்று அவளிடம் பழகலாம்.

5

சாப்பாட்டுக்கு நடுவில், நாலு மணிக்கு, இருட்டிவிட்டது. தை மாதத்தில் இங்கே அப்படித்தான். பெரியத்தான் வரமாட்டார் என்று தெரிந்தது. பங்கை ஒரு பெட்டியில் எடுத்து வைத்துக்கொண்டு நின்றேன்.

யோர்ன் கேட்டார், "அதை எங்கே கொண்டு போக வேண்டும்?"

"சந்திக்கு. பாதைகள் சேரும் இடத்துக்கு. புருஷனின் சகோதரர் கொண்டு போக வேண்டும். அவர் வரவில்லை."

யோர்ன் போய்த் தன்னுடைய பனிவாரியை எடுத்துக்கொண்டு வந்து முன்னால் வெட்டத் தொடங்கினார். நான் பின்னால் போனேன். பஸ் தரிப்பிடத்துச் சந்தி முந்நூறு அடி தூரம் இருக்கும். அவ்வளவு தூரமும் அந்தக் கிழவர் எனக்குப் பாதை வெட்டினார். நடுவில் இரண்டு தரம் நின்று மூச்சு வாங்கினார். திரும்பிப் போவோம் என்று ஒருதரமும் சொல்லவில்லை.

சந்தியில் பெட்டியைக் கவிழ்த்தேன். எனக்கு ஒரு பயம், கொம்யூன், இங்கத்தைய நகரசபை, குப்பை போட்டதாகத் தண்டம் எழுதுமோ என்று. கேட்டேன். "காகத்துக்கும் நரிக்கும் இன்று பசிதான். கொம்யூனுக்கு நான் சொல்கிறேன்" என்றார்.

அந்த நேரம் காற்று விழுந்துவிட்டது. எப்படி என்று தெரியவில்லை, யாரோ கையால் பிடித்த மாதிரி நின்றது. ஊரில் ஒரு விளக்கில்லை. மேகம் ஒரு பக்கமாக விலக, வானம் முழுக்க மின்னும் வெள்ளிகள். கீழே பனியே தனக்கென்று ஒரு வெளிச்சம் வைத்திருந்தது. வயலும் வீதியும் ஒன்றாகிவிட்டன. சத்தமே இல்லை. முப்பது வருடமாக இந்தச் சந்தியில் இருட்டோடு பஸ் ஏறி இருட்டோடு இறங்கியிருக்கிறேன், ஒருநாளும் தலையை நிமிர்த்திப் பார்த்ததில்லை. வாயைத் திறந்துகொண்டு நின்றேன். கை தானாகக் குவிந்தது. யாருக்கு என்று கேட்டால் தெரியாது. வானத்துக்கு, குலத்துக்கு, யோர்னின் முதுகு நோவுக்கு.

"இனித் திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும்" என்றேன்.

"ஏன்?"

"பார்த்தால் அவர் பின்னால் வந்துவிடுவார்."

யோர்ன் பனிவாரியைத் தோளில் வைத்தார். "உனக்கு அவர் வரக்கூடாதா?"

பத்து அடி நடந்தேன். திரும்பிப் பார்த்தேன். ஓம், பார்த்தேன். அதையும் குழுவில் போடுங்கள் பெரியத்தான். ஒன்றும் வரவில்லை. சந்தியும் வெள்ளையும்தான் தெரிந்தன. ஆனால் பார்க்கலாம் என்று தெரிந்தது. அதற்குப் பிறகு நான் பயப்படவில்லை.

வீட்டுக்கு வந்து, கால் கழுவி, மிச்சப் புட்டைச் சாப்பிட்டேன். அவர் செத்த பிறகு அன்றுதான் பசித்துச் சாப்பிட்டேன்.

6

கிர்ஸ்டன் அந்தப் படத்தை எங்கள் ஊர்ப் பேஸ்புக்கில் போட்டாள், 'குலத்தை நினைத்துக்கொண்டோம், யோர்ன் சந்திவரை பாதை வெட்டினார், மலருக்கு நன்றி' என்று. அடுத்த நாள் அது பெரியத்தானின் கைக்கு வந்தது. கிர்ஸ்டனின் வரிகளை வெட்டிவிட்டுப் படத்தை மட்டும் எடுத்தார். கீழே எழுதினார்: "என்ர தம்பியின்ர எட்டில வெள்ளையளோட பார்ட்டி. சொந்தத்தை வரவேண்டாம் எண்டு சொல்லிப்போட்டு. சந்தியில கழிச்சது ஒரு வெள்ளைக்காரனாம்."

பியர் ஏன் இருந்தது என்று யாழ்ப்பாணத்தில் பிறந்த அவருக்குத் தெரியாதா? மெழுகுதிரி ஏன் என்று கேட்க ஒரு போன் எடுக்க முடியாதா? கனடாவில் இருந்து ஒருத்தி, "குலம் அண்ணை பாவம்" என்று அழுகிற முகம் போட்டாள். அதையெல்லாம் விழுங்கியிருப்பேன். ஆனால் அவருடைய மகன் அதை டெனிஷில் மாற்றிப் பிள்ளைகளின் குழுவில் போட்டான். அபி வாசித்தாள்.

எனக்கு டெனிஷில் ஒரே வரி எழுதினாள். 'அம்மா, படத்தில் நீங்கள் சந்தோஷமாக இருக்கிறீர்கள்.'

போன் எடுத்தேன். "பிள்ளை, அப்பிடி இல்லை..."

"நீங்கள் எனக்கும் வரவேண்டாம் எண்டுதானே சொன்னனீங்கள்" என்றாள். பிறகு டெனிஷுக்கு மாறிவிட்டாள். கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் போதாது. ஸ்டேஷனில் மதியம்வரை நின்றாளாம். அப்பாவுக்கு என்று லாக்ரிஸ் வாங்கி வைத்திருந்தாளாம். 'எல்லாருக்கும் இடம் இருந்தது, அடுத்த வீட்டுக்காரருக்கும் இடம் இருந்தது, எனக்குத்தான் இல்லை. பெரியப்பாவையும் அப்படித்தான் துரத்தினீர்கள்.' பெரியத்தான் தன் பொய்யின் விதையை எங்கே எடுத்தார் என்று அப்போது விளங்கியது. அபி அன்று காலமை பெரியத்தானின் மகனிடம், அம்மா வரவேண்டாம் என்கிறா என்று சொல்லி அழுதிருக்கிறாள். அந்தச் சொல்லை எடுத்துத் தனக்குப் போர்த்திக்கொண்டார்.

உண்மையைச் சொன்னேன். "விடுங்கோ அம்மா" என்றாள். விட்டாள். கிழமைக்கு மூன்று தரம் வந்த போன் மாதத்துக்கு ஒன்றானது.

முப்பத்தொராம் நாள் சடங்கு முடிந்த பிறகு வைலேயில் இருந்து கார்த்திக் வந்தான். தமிழ்நாட்டுப் பிள்ளை, கம்ப்யூட்டர் வேலை, குலத்திடம் கறித்தூள் வாங்க வருவான். துக்கம் விசாரித்துவிட்டுத் தேநீர் குடித்துக்கொண்டே சொன்னான்:

"ஆன்ட்டி, அந்த ஸ்னோ ஸ்டார்ம் அன்னிக்கு உங்க பிரதர் இன் லா செம்ம ஸ்பீச் குடுத்தாரு. எங்க ஊர் ஹால்லதான் தமிழ்ச் சங்க எலெக்‌ஷன். பாதிப் பேரு வரல. இவரு மட்டும் சில்க்போர்க்ல இருந்து டிரைவ் பண்ணி வந்துட்டாரு. கிரேட்ல?"

"எந்த நாள் தம்பி?"

"அதான் ஆன்ட்டி, அந்த சனிக்கிழமை. மறுபடி அவரையே பிரெசிடென்ட்டா போட்டாங்க. இருங்க, போட்டோ இருக்கு."

காட்டினான். மேடை. கதிரை. பெரியத்தான் நடுவில். கழுத்தில் மாலை. தம்பி எரிந்து எட்டாம் நாள், வீட்டில் சாவுத் துடக்கு, கழுத்தில் மாலை. நேரம் படத்திலேயே இருந்தது. இரண்டு மணி ஏழு நிமிடம். என்னுடைய முதல் போன் இரண்டு மணி ஐந்துக்கு.

சில்க்போர்க்கில் இருந்து என் வீட்டைவிட வைலே தூரம். அந்தப் பனிக்குள் தூரமான இடத்துக்குப் போகத் தெரிந்த காருக்குக் கிட்டின இடத்துக்கு வழி தெரியவில்லை. தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தேன். கார்த்திக் பயந்துபோய், "ஆன்ட்டி, நான் ஏதாவது தப்பா சொல்லிட்டேனா?" என்றான். "இல்லை ராசா, நீ மட்டும்தான் சரியாச் சொன்னாய்" என்றேன். படத்தை என் போனுக்கு அனுப்பச் சொன்னேன். அது இப்போதும் என்னிடம் இருக்கிறது.

7

ஏன் ஒரு வருடம் பேசாமல் இருந்தேன்? அபிக்காக. சண்டை போடும் அம்மாவை அவளுக்குப் பிடிக்காது. அதோடு, அந்தப் பின்னேரத்தின் அமைதி என்னிடம் இருந்தது. அதைக் கொண்டுபோய் வாட்ஸ்அப் சேற்றில் போட மனம் வரவில்லை. சில நாள் வேலையால் வந்து கராஜில் அடுப்பைச் சும்மா பற்றவைத்து உட்கார்ந்திருப்பேன். அது போதும் என்று நினைத்தேன்.

போதவில்லை. நீங்கள் அன்று மாலை போட்டுக்கொண்டு பேசிய அதே வாயால் என் புருஷனின் திவசத்தில் பேசப் போகிறீர்கள். இன்று அழைப்பிதழை அபிக்கும் அனுப்பியிருக்கிறீர்கள். சற்று முன்பு அவள் போன் எடுத்தாள்.

"அம்மா, நான் ஆருடைய இடத்துக்கு வாறது?"

"நீ சில்க்போர்க்குக்கு வா" என்றேன். "நானும் வாறன்."

"பனி எண்டால்?"

"பனி எண்டாலும் வா பிள்ளை. ரெயின் நிண்டால் சொல்லு. யோர்னையும் டிராக்டரையும் கூட்டிக்கொண்டு வந்து ஏத்துறன்."

நீண்ட நாளைக்குப் பிறகு சிரித்தாள். கொஞ்சம்தான். "ஓம்" என்று தமிழில் சொன்னாள்.

ஆகவே பெரியத்தான், நான் வருகிறேன். படையல் என் கராஜ் அடுப்பில் சமைத்தது. லாக்ரிஸும் வரும். யோர்னும் கிர்ஸ்டனும் முன்வரிசையில் என் பக்கத்தில் இருப்பார்கள், அடுத்த கதிரையில் அபி. ஆம், நான் அன்று சந்தோஷமாக இருந்தேன். அதை ஒளிக்க எனக்குக் காரணமில்லை. நீங்கள் ஒளித்ததைத்தான் நான் கேட்கிறேன்.

விளக்கு ஏற்றுமுன், எல்லாருக்கும் முன்னால், அந்த ஒலிவாங்கியில் பதில் சொல்லுங்கள். இரண்டு மணி ஏழு நிமிடத்துக்கு எங்கே இருந்தீர்கள்? கழுத்தில் என்ன இருந்தது? நான் உங்களுக்கு வரவேண்டாம் என்று எத்தனை மணிக்குச் சொன்னேன்? வைலேக்குத் திறந்திருந்த வீதி என் வீட்டுக்கு மட்டும் எந்த இடத்தில் பூட்டியிருந்தது?

தமிழில் சொல்லுங்கள். பிறகு அதையே டெனிஷிலும் சொல்லுங்கள். பொய்யை இரண்டு மொழியில் அனுப்பினீர்கள். என் மகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, ஆனால் காது நன்றாகக் கேட்கும். நீங்கள் சொல்லி முடிக்கும்வரை சட்டிகளின் மூடி திறக்கப்படாது.